அறுபதாம் நாள்

எனக்கு மிக நெருக்கமான ஒருவர் குடியை நிறுத்தி, இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் குடித்தார். "இவ்வளவு நாள் தாக்குப்பிடித்த உனக்கு இப்போது என்ன கேடு?" என்று முகத்துக்கு நேரே கேட்டேன். முதல் வாரம்தான் பாடு, அப்புறம் நாளாக நாளாக ஆசை வற்றிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

அந்த நம்பிக்கையை உடைத்தது ஓர் எலி ஆய்வு. 2001இல் ஜெஃப் கிரிம், யவின் ஷஹாம் குழுவினர் 'நேச்சர்' இதழில் எழுதியது. லீவரை அழுத்தினால் விளக்கும் ஒலியும் வரும், கூடவே கோகெய்ன் உடலில் ஏறும். எலிகள் பழகிக்கொண்டன. பிறகு போதையை அடியோடு நிறுத்திவிட்டு, வெவ்வேறு நாட்களில் அதே லீவரைக் காட்டிப் பார்த்தார்கள். மருந்து கிடையாது, விளக்கும் ஒலியும் மட்டும். மறுநாள் அழுத்தியதைவிட 60ஆம் நாளில் எலிகள் பல மடங்கு அதிகமாக அழுத்தின. ஏக்கம் தணியவில்லை, உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்திருக்கிறது.

எலிக்கும் மனிதனுக்கும் முடிச்சுப் போடலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2016இல் கோகெய்னை விட்டவர்களின் மூளை அலைகளை அளந்தார்கள். ஆசை குறைந்துகொண்டே வருகிறது என்றுதான் அவர்கள் சொன்னார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் போதை சம்பந்தப்பட்ட படங்களைக் காட்டியபோது, விட்டுச் சில மாதம் ஆனவர்களின் மூளை, விட்டுச் சில நாளே ஆனவர்களின் மூளையைவிட வலுவாகத் துள்ளியது. தனக்குள் நடப்பது தனக்கே தெரியாத நிலை அது. அவரைப் போய் நான் மனவலிமை இல்லாதவர் என்றேன்.

இன்னோர் ஆய்வு, 2018. மார்கோ வெனிரோவும் ஷஹாமும் எலிகளுக்கு இரண்டு வழி வைத்தார்கள்: ஒன்றில் போதை, மற்றொன்றில் இன்னோர் எலியின் துணை. போதைக்கு நன்றாக அடிமைப்பட்டிருந்த எலிகள்கூடத் துணையைத்தான் தேர்ந்தன. அப்படித் துணையோடு விலகியிருந்த எலிகளில் அந்த அடைகாத்த ஏக்கம் வளரவும் இல்லை. ஆனால் துணை கிடைக்கத் தாமதமானாலோ, துணையைத் தேடிப்போனால் தண்டனை கிடைத்தாலோ, எலிகள் போதையின் பக்கமே திரும்பின.

தண்டனை என்ற சொல்லில் நின்றுவிட்டேன். வீட்டில் அவர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதெல்லாம் நாங்கள் கொடுத்தது அதுதானே? ஒரு குத்தல் பேச்சு, ஒரு சந்தேகப் பார்வை. எலிக்கு வெட்கம் கிடையாது, அவருக்கு உண்டு. அதனால் ஒரு கட்டத்தில் வருவதையே நிறுத்திவிட்டார்.

மறுபடி நிறுத்தியிருக்கிறார். இன்று 47ஆம் நாள். நாள் எப்படிப் போகிறது என்று இப்போது கேட்பதில்லை. சாயங்காலமானால் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.