கடனில்லாக் கல்யாணம் கஞ்சக் கல்யாணம் அல்ல

என் அக்காள் மகளின் எளிய கல்யாணத்தைக் கேலி செய்து ஒரு தம்பி போட்ட காணொளியைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று எங்கள் ஊர் சுங்கை சிப்புட் சந்தையில் ஒருவர் என் அக்காவிடமே, “என்னம்மா, மகள் கல்யாணத்தை இப்படி முடித்துவிட்டீர்களே” என்று கேட்டிருக்கிறார். அக்கா காய்கூட வாங்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இனி நான் சும்மா இருக்க முடியாது.

கோயிலில் தாலி கட்டினார்கள். அங்கேயே வாழை இலையில் சைவச் சாப்பாடு. ரப்பர் தோட்டத்துப் பழைய சனமெல்லாம் கூடி, கோத்தோங் ரோயோங் முறையில், ஆளுக்கொரு கை கொடுத்துச் சமைத்தார்கள். மேடை அலங்காரம் இல்லை, இரவு விருந்து இல்லை. இதைப் படம் பிடித்து, “தோட்டத்துக் கஞ்சக் கல்யாணம்” என்று போட்ட தம்பியே, நீயும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தானே? பரிமாறியது யார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? நீ கேலி செய்த பெண்ணின் தாய்.

பெண்ணும் மாப்பிள்ளையும் கடன் வாங்க மறுத்தார்கள். நடந்தது அவ்வளவுதான். கையில் இருந்ததை வைத்துக் கல்யாணம் செய்தார்கள். இது கஞ்சத்தனம் அல்ல.

“வாழ்க்கையில் ஒரு முறைதானே” என்று காணொளியின் கீழே எழுதுகிறீர்கள். கல்யாணம் ஒரு முறைதான், தவணை மாதாமாதம் வரும். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை வாங்கும் பிள்ளைகள் எத்தனை பேர் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு முழிக்கிறார்கள்! கூட்டு, அதாவது சீட்டு, பிடிப்பதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. ஆனாலும் கல்யாணம் என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் பேச்சு கூட்டுதான். அது போதாவிட்டால் ஆலோங் என்னும் சட்டவிரோத வட்டிக்காரன். 2024 மே மாதம் ஊழியர் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு வந்தது. ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்று வந்த அந்தப் பணத்தை மேடைப் பூவுக்கு எடுத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களை யாரும் காணொளி எடுத்துக் கேலி செய்யவில்லை.

எல்லாரும் இப்படிச் செய்தால் பூக்காரர், சமையல்காரர் பிழைப்பு என்னாவது என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். இருப்பவர்கள் தாராளமாகச் செலவு செய்யட்டும். இல்லாதவனை ஏன் நெருக்குகிறீர்கள்?

“வறுமையை எளிமை என்று புகழாதீர்கள்” என்ற கருத்துதான் என்னை அதிகம் சுட்டது. வறுமையை எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பால்மரம் என்னும் ரப்பர் மரம் வெட்டி, உறைந்த கட்டிப்பால் பொறுக்கிய அம்மாவின் பிள்ளை. அந்த வாழ்க்கை இனிமையானது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த அம்மாதான் மைலோ டின்னில் காசு சேர்த்து, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு எடுத்தார்.

வெள்ளைக்காரன் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனான். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் நிலை வந்தபோதுதான், 1960இல் அந்தச் சங்கம் பிறந்தது. நம் ஊரில் பிறந்த, அன்றைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சித் தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். நம் சனம் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டை அப்படித்தான் சொல்வோம்) கட்டி 100 வெள்ளிப் பங்கு சேர்த்தது. அப்படி வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். ஆடம்பரத்துக்குப் போகாத காசு தோட்டத்தையே வாங்கியது. மரம் வெட்டிய கைகள் மரத்துக்குச் சொந்தமாயின. இதைப் பள்ளியில் சொல்லித் தந்தார்களா உனக்கு, தம்பி? “தோட்டத்து” என்பதை வசைபோல எழுத உனக்குக் கை வந்ததே! உன் பாட்டி எந்தத் தோட்டத்தில் மரம் வெட்டினார் என்று வீட்டில் கேட்டுப் பார்.

“நீங்கள் ஏன் இவ்வளவு கொதிக்கிறீர்கள், சம்பந்தப்பட்டவர்களே பேசவில்லையே” என்று கேட்பீர்கள். அக்கா பேச மாட்டார். யார் என்ன சொன்னாலும் தலை குனிந்து போகும்படிதான் எங்களை வளர்த்தார்கள். நான் அப்படி இருக்கப் போவதில்லை. என் அக்காள் மகளும் மருமகனும் வீட்டு முன்பணத்துக்குச் சேர்த்து வைத்திருந்த காசைக் கல்யாணத்தில் தொடவில்லை. வீடு வாங்க வங்கியில் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வர வேண்டாம். அவள் அழவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.