டூப்பு என்று கூலியைக் குறைப்பதா?

ஊர்த் திருவிழாவில் நாங்கள் போட்ட ரெஸ்லிங் ஷோவின் அந்த ரீலை எல்லாரும் பார்த்தாச்சு. எனக்கே பதினொரு பேர் அனுப்பினார்கள். மாஸ்க் போட்ட நம்ம பையன் எதிராளி காதில் கிசுகிசுக்கிறான், அதற்கு ஒரு சிவப்பு வட்டம், 'மாட்டிக்கிட்டாங்க' என்று ஒரு தலைப்பு. சரி, சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் அதைக் காட்டியே விழாக் கமிட்டி பேசின 25,000-ல் 15,000-ஐக் கையில் திணித்து, "பேசி வெச்சு அடிச்சுக்கறதுக்கு இதுவே அதிகம் தம்பி" என்றார்களே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

காதில் என்ன சொன்னான் என்று யாராவது கேட்டீர்களா? "தாடையை உள்ளே இழு" என்றான். தூக்கிப் போடப்படுகிறவன் தாடையை நெஞ்சோடு ஒட்டி, மூச்சை விட்டு, முதுகு முழுக்க ஒரே நேரத்தில் தரையில் படுகிற மாதிரி விழ வேண்டும், கொஞ்சம் பிசகினால் பின்மண்டை. ரிங் என்றால் இலவம்பஞ்சு மெத்தை என்று நினைப்பு. இரும்புச் சட்டம், அதன் மேல் பலகை, மெல்லிசாக ஒரு ஃபோம், மேலே துணி. அவ்வளவுதான்.

யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானதுதான். யார் மறைத்தார்கள்? 1989-லேயே அமெரிக்காவில் WWF ரெஸ்லிங் நடத்திய வின்ஸ் மக்மேன் கம்பெனி, விளையாட்டு ஆணையத்தின் பிடியிலிருந்து தப்பிக்க, இது போட்டி இல்லை, பொழுதுபோக்கு என்று நியூஜெர்சி செனட்டிலேயே சொல்லிவிட்டது. அதற்கு அப்புறம்தான் நாமெல்லாம் அண்டர்டேக்கர் என்ற ரெஸ்லர் படம் போட்ட டிரம்ப் கார்டுக்காகச் சட்டையைக் கிழித்துக்கொண்டோம்.

அதே திருவிழாவில் முந்தின ராத்திரி கூத்து. என் தாத்தா மேட்டூர் பக்கம் கூத்துக்கு மிருதங்கம் வாசித்தவர், அதனால் கூத்துக்காரர்கள் மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன். பாரதக் கூத்தின் கடைசிச் சண்டையான படுகளத்தில் பீமன்தான் ஜெயிப்பான் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். "முடிவு தெரிஞ்ச சண்டைதானே" என்று துரியோதனன் வேஷக்காரர் கூலியில் யாராவது கை வைத்தார்களா? வெற்றிலை பாக்கோடு முழுப் பணம். எங்களுக்கு மட்டும் டூப்பா?

"போஸ்டரில் 'உயிரைப் பணயம் வைக்கும் மோதல்' என்று போட்டது யார்?" என்று ஒருவர் கேட்பார், தெரியும். அது அச்சகத்துக்காரர் போட்டது. சரி, நானும் படித்துப் பார்த்துத்தான் சரி சொன்னேன். கொஞ்சம் ஓவர்தான், விடுங்கள். "அப்போ நிஜமான மல்யுத்தம் நடத்தேன்" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. சினிமா ஸ்டண்ட்காரரிடம் போய், நிஜமாகவே குத்து வாங்கு, அப்புறம் பேட்டா தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

அன்று ராத்திரி ரிங்கைக் கழற்றி டாடா ஏஸில் ஏற்றும்போது மணி ரெண்டு. ரீலில் வந்த பையன் சட்டையைத் தூக்கிக் காட்டினான். பலகை இணைப்பு எங்கெங்கே என்று அவன் முதுகைப் பார்த்தே சொல்லலாம், கோடு கோடாகச் சிவந்திருந்தது. காலையில் எட்டு மணிக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து கொலுசுக்கு மணி கோர்க்க வேண்டும். அவனுக்குப் பேசியது 2,500. என் கைக்காசைப் போட்டுக் கொடுத்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைக்கும்தான். வேறு யார் சொல்லப்போகிறார்கள்? கோமாளிகள் என்று கமெண்ட் போட்டவர்களில் ரெண்டு பேர் போன வருஷம் என்னிடம் ஓசி டிக்கெட் வாங்கியவர்கள்.

இன்று காலை கமிட்டிப் பொருளாளரிடமிருந்து வாட்ஸப். பேரன் ரெண்டு நாளாகச் சாப்பிடாமல் அந்த மாஸ்க்தான் வேண்டும் என்று அழுகிறானாம். பேரன் மேல் எனக்கு என்ன கோபம்? மாஸ்க்கைச் சாயங்கால பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன், மீதிப் பத்தாயிரத்தை அதே பஸ் திரும்பும்போது கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். ரெண்டு ப்ளூ டிக் விழுந்திருக்கிறது.