மாத்திரை போட்டியா என்று கேட்டால் மட்டும் போதுமா?

சில வருடங்களுக்கு முன்பு மூன்றாம் வகுப்பில் என்னிடம் ஒரு பையன் படித்தான். "சாக்பீஸ் எடுத்துட்டு வா, வரும்போது கதவைச் சாத்திட்டு வா" என்றால், சாக்பீஸோடு வந்து நிற்பான். கதவு திறந்தே கிடக்கும். அதட்டினால் என் முகத்தையே பார்ப்பான். 'கவனமில்லை' என்று நானும்தான் எழுதி வைத்தேன். ஒருநாள் பள்ளி விட்டதும் அவனுடைய அம்மாயி என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார். பிறந்ததிலிருந்தே அவனுக்கு எச்.ஐ.வி. அம்மா, அப்பா இரண்டு பேரும் இல்லை.

எச்.ஐ.வி என்றால் நோய் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் கிருமி என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். தொற்றிய கொஞ்ச நாளிலேயே அது மூளைக்குள்ளும் போய்விடும். கைக்குழந்தைக்கு மூளை வேகமாக வளர்கிற நேரம் அது. தவழ்வது, நடப்பது, பேச்சு எல்லாமே தள்ளிப்போகலாம். பள்ளிக்கு வந்த பிறகு, சொன்னதை மனதில் நிறுத்தி வைக்கவும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவும் திணறலாம். திறந்து கிடந்த கதவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் நிறையத் தடுக்கலாம். தென்னாப்பிரிக்காவில் பிறந்து 12 வாரத்துக்குள் மருந்து தொடங்கிய குழந்தைகளின் இறப்பு, தள்ளித் தொடங்கியவர்களைவிட 76 சதவீதம் குறைந்தது என்று 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வளர்ச்சிச் சோதனைகளிலும் அவர்கள் முன்னால் இருந்தார்கள். எச்.ஐ.வி உள்ள அம்மாவுக்குப் பிறந்த குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக் கூடாது.

சரி, மருந்து தொடங்கியாயிற்று. அப்புறம்? அந்த வீட்டுக்கு ஒருநாள் போனேன். அம்மாயி திண்ணையில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். பையன் எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தான். ஒரு மணி நேரத்தில் அவர் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாத்திரை போட்டியா சாமி?" ஏன் பேசுவதில்லை என்று பிறகு கேட்டேன். "பேச்சுக் குடுத்தா அவங்கம்மாவப் பத்திக் கேப்பானுங்க டீச்சர். நான் என்னன்னு சொல்லட்டும்?"

நோயை மறைக்க வேண்டியிருப்பதால் வீடே வாயை மூடிக்கொள்கிறது. பேச்சில்லாத வீட்டில் குழந்தையின் மூளை எதைக் கொண்டு வளரும்? என்னைப் பொறுத்தவரை, கிருமி செய்கிற கெடுதலோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது.

உகாண்டாவில் இப்படிப்பட்ட குழந்தைகளை வளர்க்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். விலை கொடுத்து வாங்கும் பொம்மை எதுவும் தேவையில்லை. சமைக்கும்போதும் துவைக்கும்போதும் குழந்தையின் கவனத்தைத் திருப்பி, ஏன், எதற்கு என்று பேசி, செய்து முடித்ததை எடுத்துச் சொல்லிப் பாராட்டுவதுதான் பயிற்சி. அம்மாயியிடம் நான் சொன்னதும் அவ்வளவுதான். கடலையை அவனிடம் கொடுங்கள், எது சொத்தை என்று கேளுங்கள், எப்படிக் கண்டுபிடித்தான் என்றும் கேளுங்கள். அதிசயம் எதுவும் நடக்கவில்லை, வாய்ப்பாடு கடைசிவரை தகராறுதான். ஆனால் ஒரு மாதம் கழித்து, "சொத்தைக் கடலை ஆட்டுனா கடகடன்னு சத்தம் போடும் டீச்சர்" என்று அவனாக வந்து சொன்னான். அதுவரை அவன் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

2004இல் தாம்பரம் சானடோரியத்தில் எச்.ஐ.வியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, இப்படிப்பட்ட குழந்தைகள் பிழைப்பார்களா என்பதுதான் கேள்வி. இப்போது பிழைத்து, வளர்ந்து, வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி மையத்தில் எடை பார்க்கிறார்கள், ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று வைரல் லோடு பார்க்கிறார்கள். பேச்சு, ஞாபகம், படிப்பு எப்படி இருக்கிறது என்றும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கட்டும். தாமதம் தெரிந்தால் டி.இ.ஐ.சி என்கிற குழந்தை வளர்ச்சி மையத்துக்கு அனுப்பட்டும். எச்.ஐ.வியைக் காரணம் காட்டிப் பள்ளியில் ஒதுக்கக் கூடாது என்று 2017இல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் சேர்த்துக்கொண்டு கவனிக்காமல் விடுவதும் ஒதுக்குவதுதானே?

டீச்சராக இருக்கிற நண்பர்களுக்கு ஒன்று. எந்தக் குழந்தைக்கு என்ன நோய் என்று தேடிப் போகாதீர்கள், உதவி செய்ய அது தெரிய வேண்டியதே இல்லை. முதலில் சாக்பீஸை மட்டும் கேளுங்கள். கொண்டுவந்து கொடுத்த பிறகு கதவைச் சொல்லுங்கள்.