தப்பா, துப்பா?

நேத்து ஒருத்தர் கேட்டாரு, "உங்க பொண்ணு எப்போ சார் சீரியஸா ஏதாவது எழுதப் போறாங்க?"ன்னு. அஞ்சு நாவல்ல ஒன்பது பேர் செத்திருக்காங்க, இதுக்கு மேல என்னய்யா சீரியஸ் வேணும்னு கேட்டுட்டேன். சிரிச்சாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல, ராத்திரி பூரா அது மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு, அதான் இந்தப் பதிவு.

துப்பறியும் கதைன்னா நம்ம ஆளுங்களுக்கு ஒரு இளக்காரம். ரயில்ல போறப்போ படிச்சுட்டு சீட்லயே விட்டுட்டு இறங்குற சமாச்சாரம்னு நினைப்பு. நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன், மறைக்க என்ன இருக்கு. முப்பத்து நாலு வருஷம் ஆடிட் வேலை பார்த்தவன், கணக்குல ஒரு ரூபா இடிச்சாலும் தூக்கம் வராது, கதைன்னா சும்மா மனசுக்குத் தோணுறத எழுதுறதுன்னு ஒரு எண்ணம். அவ முதல் நாவல எழுதப்போறேன்னு சொன்னப்போ நான் சொன்ன ஒரே வார்த்தை, "வேலைய மட்டும் விட்டுடாதம்மா." துப்பறியும் கதையில உலகப் பேரு வாங்கின அகதா கிறிஸ்டி சின்ன வயசுல உடம்பு சரியில்லாம படுத்துக் கெடந்தப்போ, போரடிக்குதுன்னா ஒரு கதை எழுதேன்னு சொன்னது அவங்க அம்மாவாம். உன்னால துப்பறியும் கதை எழுத முடியாதுன்னு சீண்டினது அக்கா. அந்த வீட்டு லட்சணம் அப்படி, நம்ம லட்சணம் இப்படி.

அப்புறம் அவ வேலை செய்யறத பக்கத்துல இருந்து பார்த்தேன். சுவர் பூரா சார்ட். யாரு எத்தனை மணிக்கு எங்க இருந்தாங்க, யார் கையில சாவி, எந்த விஷயம் எந்தப் பக்கத்துல முதல்ல வருது, எல்லாம் கலர் கலரா. பார்த்ததும் பக்குன்னு ஆயிடுச்சு, இது நம்ம லெட்ஜர்டா! ஒரு துப்ப ஒரு பக்கம் எழுதினா அதுக்கான கணக்கு இன்னொரு பக்கம் நேராகணும், கடைசி அத்தியாயத்துல பேலன்ஸ் டேலி ஆகணும். 1929லயே ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு பாதிரியார் (அவரும் இந்த மாதிரி கதை எழுதினவர்தான்) இதுக்குப் பத்து விதி போட்டிருக்காரு. துப்பறியறவர் கண்டுபிடிக்கிற எந்தத் தடயத்தையும் வாசகன்கிட்ட மறைக்கக் கூடாதுங்கிறது அதுல ஒண்ணு. அதாவது எல்லாத்தையும் மேஜை மேல பரப்பி வைக்கணும், ஆனா எதுவும் கண்ணுல படக்கூடாது. இத விட கஷ்டமான எழுத்து எதுன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்.

ஒரு நாள் காலங்காத்தால போன். "அப்பா, செத்த உடம்பு எவ்வளவு நேரத்துல விறைக்கும் தெரியுமா?" நான் வாக்கிங்ல இருக்கேன், ஸ்பீக்கர்ல. கூட நடந்தவர் அன்னைக்கு வேற ரூட்ல போயிட்டாரு. அப்புறம் அவளே படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு எனக்கு கிளாஸ் எடுத்தா. ரெண்டு மணி நேரத்துக்கு அப்புறம் முகம் தாடைப் பக்கம் ஆரம்பிக்குமாம், பன்னெண்டு மணி நேரம் வாக்குல முழுசா விறைக்குமாம், அப்புறம் மெல்ல தளருமாம், வெயில் குளிர் பொறுத்து எல்லாமே மாறுமாம். இத்தனையும் எதுக்குன்னா நாவல்ல ஒரே ஒரு வரிக்கு. கிறிஸ்டியும் முதல் உலகப் போர் சமயத்துல ஆஸ்பத்திரி மருந்தகத்துல வேலை பார்த்துக் கத்துக்கிட்ட விஷ சமாச்சாரத்தத்தான் 1920ல வந்த முதல் நாவல்ல பயன்படுத்தினாங்க, அத பார்மசிக்காரங்க பத்திரிகையே பாராட்டுச்சு. என் பொண்ணும் அந்த ஜாதி உழைப்பாளிதான்னு சொன்னா ஓவரா இருக்கும், இருந்தாலும் சொல்லுவேன், என் பதிவு என் இஷ்டம்.

இப்ப மேட்டருக்கு வரேன். மூணாவது நாவல் கைப்பிரதிய முதல்ல எனக்கு அனுப்பினா. விடுவேனா, சிவப்புப் பேனாவோட உக்காந்துட்டேன். நாலாவது அத்தியாயத்துல ஒன்பது மணிக்கே கரன்ட் போயிடுது, ஜெனரேட்டர் இல்லாத பில்டிங். பதினொண்ணாவது அத்தியாயத்துல ஒருத்தன் ஒன்பதரைக்கு லிஃப்ட்ல இறங்கினேன்னு சொல்றான். எப்படிடா இறங்குவ? பெருமையா போன் போட்டு, "அம்மாடி, பெரிய தப்பு ஒண்ணு பிடிச்சிருக்கேன்"னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ஒரு சிரிப்பு. "அப்பா, நீங்க பிடிச்சது தப்பு இல்ல, துப்பு."

(ஸ்பாய்லர்னு திட்டாதீங்க, அவன் கொலைகாரன் இல்ல, பொய் சொன்னதுக்குக் காரணம் வேற.)

சின்ன வயசுல இவ பொய் சொன்னா முகத்தப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவேன், ஒரு தடவை கூட தப்பினதில்ல. அந்தப் பொண்ணு, முப்பது வருஷத்துக்கு மேல அடுத்தவன் கணக்குல ஓட்டை தேடின என்ன, எல்லாத்தையும் கண்ணு முன்னாடியே வச்சு ஏமாத்திட்டா, அதுவும் ஒரு பொய் கூட சொல்லாம. தோத்துப் போனதுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில அன்னைக்கு மட்டுந்தான். வீட்டம்மா கேஸ் வேற, அவங்க எந்தப் புக்க எடுத்தாலும் கடைசிப் பக்கத்தத்தான் முதல்ல படிப்பாங்க, அதனால அவங்களுக்குப் போற பிரதியில கடைசி அத்தியாயத்த ஸ்டேப்ளர் அடிச்சு அனுப்புறா.

ஆறாவது நாவல் கைப்பிரதி போன வாரம் வந்துச்சு. பாதி தாண்டிட்டேன். இதுவரைக்கும் நாலு இடத்துல கணக்கு இடிக்குது, தனியா குறிச்சு வச்சிருக்கேன். ரெண்டு தடவை போன கையில எடுத்துட்டு கீழ வச்சுட்டேன்.