எடை நார்மல், இடுப்பு 91

சீனாவில் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 85. இடுப்புச் சுற்றளவு இதைத் தொட்டால் வயிற்றுப் பருமன் என்கிறது 2013-இல் வந்த அந்நாட்டுச் சுகாதாரத் தரநிலை. அதிலேயே இன்னொரு படியும் இருக்கிறது: ஆணுக்கு 85, பெண்ணுக்கு 80 வந்தாலே அது முன்நிலை. உஷாராக வேண்டிய இடம் இந்த முன்நிலைதான் என்பது என் உறுதியான கருத்து. 90 வரை காத்திருப்பது தாமதம்.

170 செ.மீ உயரம், 67 கிலோ எடை உள்ள ஆணை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எம்.ஐ. (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 23.2. சீனாவில் 24-க்குக் கீழே இருந்தால் நார்மல், ஆகவே எடையை மட்டும் பார்ப்பவர் அவரை அனுப்பிவிடுவார். ஆனால் இடுப்பு 91 என்றால்? அதே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிடச் சீனர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம் சேர்கிறது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் போர்ட்டல் சிரை வழியே நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் சர்க்கரையை ரத்தத்தில் விட்டபடியே இருக்கும், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் ஏறும். அமெரிக்காவில் ஆண்களுக்குப் புழங்கும் 102 செ.மீ வரம்பைச் சீனருக்குப் போட்டால் இப்படி ஆபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கண்ணில் படாமல் தப்பிவிடுவார்கள்.

அளப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். பேன்ட் சைஸ் உதவாது. சீனக் கடைகளில் 2.7 'சி' பேன்ட் என்றால் 90 செ.மீ (ஒரு சி, மீட்டரில் மூன்றில் ஒன்று). ஆனால் தொப்பை உள்ளவர் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே கட்டுவார், உண்மையான சுற்றளவு அதைவிடக் கூடுதலாக இருக்கும். சட்டையைத் தூக்கி, கால்களை 25 முதல் 30 செ.மீ அகட்டி நிற்க வேண்டும். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பின் அடிவிளிம்பையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நட்டநடுவே டேப் வர வேண்டும். தொப்புளை அடையாளமாக வைக்காதீர்கள், தொப்பை சரிந்தால் அதுவும் சரியும். இழுபடாத டேப், தரைக்கு இணையாக, தோலைத் தொட்டும் அழுத்தாமலும். முதுகுப் பக்கம் டேப் இறங்கிவிடும், கண்ணாடியில் பாருங்கள். சாதாரணமாக மூச்சு விட்டு முடிக்கும்போது படியுங்கள். வயிற்றை எக்கினால் சில செ.மீ மறைந்துவிடும். இரண்டு முறை அளந்து 1 செ.மீ-க்குமேல் வித்தியாசம் வந்தால் திரும்ப அளக்க வேண்டும்.

குள்ளமானவர்களுக்கு 90 என்ற வரம்பு நியாயமே இல்லை. 160 செ.மீ உயர ஆணுக்கு இடுப்பு 88 என்றால் வரம்புக்குள்தான், ஆனால் உயரத்தோடு வகுத்தால் 0.55. பாதி உயரத்தைத் தாண்டக் கூடாது என்ற கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

தாண்டிவிட்டதா? வெறும் வயிற்றுச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ட்ரைகிளிசரைடு, எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு, நான்கையும் பார்த்தாக வேண்டும். சீன நீரிழிவு சங்கக் கணக்கில் சர்க்கரை லிட்டருக்கு 6.1 மில்லிமோல், அழுத்தம் 130/85, ட்ரைகிளிசரைடு 1.7 மில்லிமோல், இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ கோளாறு. எச்.டி.எல். 1.04-க்குக் கீழே போகக் கூடாது. இடுப்போடு இவற்றில் இரண்டு சேர்ந்தால் மெட்டபாலிக் சிண்ட்ரோம், அதாவது நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் இட்டுச்செல்லும் கோளாறுகளின் கூட்டு.

கர்ப்பிணிகளுக்கும் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் டேப் பயன்படாது. வயதானவர்களுக்கோ இதுதான் முக்கியம்: தசை கரைந்து எடை குறையும், இடுப்பு மட்டும் பெருக்கும். எடை மெஷின் அதைக் காட்டாது.