கால் பணத்துச் சுண்டைக்காயும் ரிமினி ஹோட்டலும்

மூன்று வாரமாக ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எனக்கு ஒரே வேலைதான். இத்தாலியில் கடலோரமாக ஏழு நாள் தங்க மூன்று நட்சத்திர ஹோட்டல் ஒன்று தேடுவது. நீச்சல்குளம் வேண்டாம், மசாஜ் வேண்டாம், வாசலில் தொப்பி போட்டவர் கதவு திறந்துவிட வேண்டாம். படுக்கக் கட்டில், தண்ணீர் ஒழுங்காக வரும் குளியலறை, நடந்து போகிற தூரத்தில் கடல், இவ்வளவுதான் கேட்டேன். இதற்கு எக்செல் ஷீட் போட வேண்டி வரும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், பேசாமல் மியூனிக்கிலேயே பால்கனியில் ஒரு டப்பில் தண்ணீர் நிரப்பி ஆளுக்குக் கொஞ்ச நேரம் காலை விட்டு உட்கார்ந்திருப்போம்.

நாங்கள் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், பையன், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமாவும் அத்தையும். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பள்ளிக் கோடை விடுமுறை ஆகஸ்ட் பிறக்கும் சமயத்தில்தான் ஆரம்பிக்கும், செப்டம்பர் நடுவில் முடியும். மாமா அத்தைக்குத் திரும்பும் டிக்கெட் ஆகஸ்ட் 27. ஆகவே ஆகஸ்டை விட்டால் வழியில்லை. நான் நாகப்பட்டினத்துக்காரி, கடலைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது, அதனால் ஏரி, மலை என்று வீட்டுக்காரர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. தெற்கு ஜெர்மனியில் இருப்பவர்களுக்குக் கடல் என்றால் ஆல்ப்ஸைத் தாண்டி ஆட்ரியாட்டிக்தான். 1950களிலிருந்து ஜெர்மன்காரர்கள் கும்பல் கும்பலாக அங்கே போய் வெயிலில் வெந்து சிவந்ததில் அங்கேயுள்ள ரிமினி என்ற ஊர்ப் பக்கக் கடற்கரைக்கு ‘டியூட்டோனன் கிரில்’, அதாவது ஜெர்மன்காரரை வாட்டும் அடுப்பு, என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. நாமும் அந்த அடுப்பில் ஒரு ஓரம் கிடைக்குமா பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதல் நாள் ஒரு ஹோட்டலின் பக்கத்தில் ‘டா 49 யூரோ’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. இத்தாலியனில் ‘டா’ என்றால் ‘இருந்து’, அதாவது 49 யூரோவிலிருந்து ஆரம்பம். நம்மூரில் அது மரியாதை இல்லாமல் கூப்பிடும் சொல். இரண்டும் ஒன்றேதான் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அறைக்கு 49, இரண்டு அறை, ஏழு ராத்திரி, 686 யூரோ. ஆஹா, அடித்தது யோகம் என்று அத்தையிடம் சொல்லியும் விட்டேன்.

49 என்பது அறைக்கு இல்லை, ஆளுக்கு. அதுவும் மே மாதத்தில். ஆகஸ்ட் நடுவாரத்துக்கு 84. ஏன் என்றால் ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ. இத்தாலியே கடையை மூடிவிட்டுக் கடலுக்குப் போகிற நாள். கி.மு. 18ல் அகஸ்டஸ் சக்கரவர்த்தி, அறுவடை முடிந்து களைத்தவர்கள் ஓய்வெடுக்கட்டும் என்று ஆரம்பித்துவைத்த விடுமுறையின் மிச்சம் அது. அந்த அகஸ்டஸுக்காக கி.மு. 27ல் எழுப்பிய வளைவு ரிமினியில் இன்னும் நிற்கிறது. அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனால் அந்த மகராசன் கொடுத்த லீவுக்கு ஆளுக்கு 35 யூரோ கூடுதலாகக் கட்டப் போவது நான்.

சரி, ஆளுக்கு 84 என்றால் இரவு உணவும் சேர்த்துத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ‘மெட்சா பென்சியோனே’ என்பார்கள், காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும் உண்டு. அப்புறம் சின்ன எழுத்தில் ஒரு வரி: ‘பெவாந்தே எஸ்க்ளூசே’. பானங்கள் சேராது. பானம் என்றால் ஒயின், பீர் என்றுதானே நினைப்போம்? தண்ணீரும் பானம்தான். சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர் பாட்டிலுக்கு 3 யூரோ. விக்கல் வந்தால் பில் வரும்.

ஏசி? இருக்கிறது. அறைக்கு நாளைக்கு 6 யூரோ கொடுத்தால் ரிமோட்டைக் கையில் தருவார்கள். கார் நிறுத்த 12. ஊர் வரி தனி, ஆளுக்கு, ராத்திரிக்கு, நட்சத்திரத்தைப் பொறுத்து, போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயே கட்ட வேண்டும். குழந்தைகள் இலவசம் என்று பலூன் படமெல்லாம் போட்டிருந்தார்கள். கீழே பார்த்தால் ஆறு வயது வரைக்கும். என் பையனுக்கு ஏழு முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சரி, அவனுக்குப் பாதி விலை.

வெறும் மூன்று ராத்திரி மட்டும் போகலாமா என்று கேட்டேன். முடியாது. ஆகஸ்ட் நடுவில் சனியிலிருந்து சனி, ஏழு ராத்திரி, பேச்சே கிடையாது. எல்லா ஹோட்டலும் இப்படியே சொன்னால் எல்லாரும் ஒரே சனிக்கிழமை கிளம்புவோம், ஒரே சனிக்கிழமை திரும்புவோம், மொத்த ஜனமும் ஆல்ப்ஸைத் தாண்டும் பிரென்னர் கணவாயில் பம்பரோடு பம்பர் உரச நிற்போம். அந்த வழியில் லூயெக் பாலத்தில் 2025 தொடக்கத்திலிருந்து வேலை நடக்கிறது, பல நாள் போக ஒரு தடம், வர ஒரு தடம்தான். ஆஸ்திரியாவுக்கு வின்யெட் என்ற நெடுஞ்சாலைச் சீட்டு தனி, பிரென்னருக்குச் சுங்கம் தனி, இத்தாலிக்குள் நுழைந்தால் அதற்குத் தனி. இதெல்லாம் ஹோட்டல் கணக்கில் வராது, விடுங்கள்.

எனக்கு உண்மையில் வயிறு எரிவது காசுக்காகக்கூட இல்லை, வார்த்தைகளுக்காக. ‘விஸ்தா மாரே’ என்றால் கடல் தெரியும். ‘ஃப்ரோந்தே மாரே’ என்றால் கடலுக்கு நேர் எதிரே. ‘விஸ்தா மாரே லாத்தெராலே’ என்றால் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கழுத்தை இடது பக்கம் முறுக்கினால், இரண்டு கட்டடத்துக்கு நடுவே கடல் நீலமாக ஒரு கோடு தெரியும். இந்த மூன்றுக்கும் மூன்று விலை. ‘கடலிலிருந்து 50 மீட்டர்’ என்று எழுதுவதை எந்த முனையிலிருந்து அளக்கிறார்கள் என்று ஒரு ராத்திரி பூராவும் மேப்பில் அளந்து பார்த்தேன். மணல் ஆரம்பிக்கும் இடம்வரைதான் 50 மீட்டர். ரிமினியில் அந்த மணல் சில இடங்களில் நூறு மீட்டருக்கும் மேல் அகலம். மத்தியான வெயிலில் அதைக் கடந்து அலையைத் தொடுவதற்குள் அத்தையின் கால் அப்பளமாகப் பொரிந்துவிடும்.

முகவரியிலும் இதே கதைதான். ஊர்ப் பெயர் ரிமினி என்று போட்டிருக்கும். தேடிப் பார்த்தால் வடக்கே தோர்ரே பெத்ரேராவில் இருக்கும், அல்லது தெற்கே விமான நிலையத்தை ஒட்டி மிராமாரேயில் இருக்கும். சட்டப்படி அதெல்லாம் ரிமினிதான், பொய் இல்லை. ஆனால் சாயங்காலம் நடந்து போய் திபேரியஸ் பாலத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரலாம் என்று (கி.பி. 21ல் கட்டி முடித்தது, இரண்டாயிரம் வருஷம் கழித்தும் ஜனம் அதன்மேல் நடக்கிறது) நான் மாமாவிடம் ஆசை காட்டியிருந்தேன். நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். மாமாவுக்கு மூட்டு வலி.

இனி கடற்கரை. இங்கேதான் நான் சத்தம் போட்டேன், பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி எல்லாம் நலமா என்று விசாரித்தார். ரிமினி மணலை எண் போட்ட ‘பான்யோ’க்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், பான்யோ 20, பான்யோ 21 என்று போய்க்கொண்டே இருக்கும். 1843ல் முதல் குளிப்பிடம் திறந்தார்கள், அன்றிலிருந்து இந்தப் பழக்கம் ஊறிப்போய்விட்டது. மணல் அரசாங்கத்தினுடையது, நடத்துகிறவர் குத்தகைக்காரர். அவர் நட்டு வைத்திருக்கும் குடைக்கும் சாய்வுக் கட்டிலுக்கும் நாள் வாடகை. ஒரு குடை, இரண்டு கட்டில், 25 யூரோ. நாங்கள் ஐந்து பேர், இரண்டு குடை வேண்டும், ஏழு நாளைக்கு 350. கையோடு பாய் கொண்டுபோய் விரிக்கலாமே என்றால், குடைகளுக்கு நடுவில் விரிக்க விடமாட்டார்கள். கடலுக்கு இறங்கும் வழியை மறிக்கக் கூடாது, இலவசமாக விட வேண்டும் என்று 2006ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். சட்டப்படி நான் தாராளமாக நடந்து போகலாம், குளிக்கலாம், வரலாம். உட்காரத்தான் முடியாது! எவருக்கும் காசு கொடுக்காமல் உட்காரும் பொதுக் கடற்கரையும் உண்டு, துண்டு துண்டாக, நான் பார்த்த எந்த ஹோட்டலுக்கும் பக்கத்தில் இல்லை.

அந்தக் குத்தகையை ஏலம் விட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2006லேயே ஒரு நெறிமுறை போட்டு, இத்தாலி தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு இப்போது 2027 செப்டம்பருக்குக் கொண்டுவந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் குடைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எப்படி? காலையில் இரண்டு மணி நேரம் குடையை விரிக்காமல். எனக்கு அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

கடலோரத்தில் பிறந்தவளுக்கு இதை எப்படி ஜீரணிப்பது? எங்கள் ஊரில் மணலில் உட்காரக் காசு கேட்டால் சிரிப்பார்கள். சுண்டல் வாங்கச் சொல்லிப் பையன் நச்சரிப்பான், அது ஒன்றுதான் செலவு.

அத்தை மாமா சைவம். முட்டைகூடக் கிடையாது. ஏழு ஹோட்டலுக்கு எழுதிக் கேட்டேன், இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், கவலையே வேண்டாம், தினமும் காய்கறி பஃபே உண்டு என்றார். அதாவது ஏழு ராத்திரியும் இலைதழை, விலை மட்டும் ஆட்டுக்கால் சாப்பிடுகிறவருக்கு எவ்வளவோ அவ்வளவு. இன்னொருவர் மெனு அனுப்பினார். பாஸ்ஸாதெல்லி இருந்தது, சேவை மாதிரி இருக்கும், ரொட்டித்தூளும் சீஸும் முட்டையும் போட்டுப் பிசைந்து இறைச்சி ரசத்தில் வேகவைப்பது. பார்மிஜானோ சீஸிலேயே பாலைத் திரிய வைக்க, கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். இதை அத்தையிடம் சொன்ன நாளிலிருந்து வீட்டில் பீட்சா கிடையாது, பையன் என்னோடு பேசுவதில்லை. நான் நம்பியிருந்தது பியாதினாவை. ரிமினி இருக்கும் ரொமான்யா வட்டாரம் முழுக்கத் தெருவுக்குத் தெரு கிடைக்கும், தட்டையாக, கல்லில் சுட்டது, சப்பாத்திக்கு அக்கா. படத்தைக் காட்டினதும் அத்தை முகம் மலர்ந்து, “ஏம்மா, இது நம்ம சப்பாத்தியேதானே, தொட்டுக்க நான் தக்காளித் தொக்கு கிளறி எடுத்துட்டு வரேன்” என்றார். செய்முறை படித்தேன். மாவு, உப்பு, தண்ணீர், ஸ்த்ருத்தோ. ஸ்த்ருத்தோ என்றால் பன்றிக் கொழுப்பு. ஆலிவ் எண்ணெய் போட்டும் செய்வார்கள், கேட்டு வாங்க வேண்டும், ஒவ்வொரு கடையிலும், என் இத்தாலியனில். தொக்கு எப்படியும் வருகிறது, கார் டிக்கியில் இப்போதே ரைஸ் குக்கருக்கு இடம் ஒதுக்கியாயிற்று. அறையில் சமைக்கக் கூடாது என்று விதி இருக்கும். அந்த விதியை மட்டும் நான் தேடிப் படிக்கப் போவதில்லை.

ஒன்றே ஒன்று நல்லதாகச் சொல்கிறேன். கழிப்பறையில் பிடே, அதாவது உட்கார்ந்து தண்ணீரில் கழுவிக்கொள்ளும் தொட்டி, இருக்கும். வீடு கட்டினால் ஒரு குளியலறையிலாவது பிடே வேண்டும் என்று 1975ல் ஆணையே போட்ட நாடு, ஹோட்டல்களிலும் அநேகமாக உண்டு. மாமா இதைக் கேட்டதும், “அப்போ நாகரிகமான ஜனங்கதான்” என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

மொத்தம் கூட்டினேன். தங்கவும் சாப்பிடவும் பெரியவர்கள் நாலு பேருக்கு 2352, பையனுக்கு 294, குடை 350, கார் 84, ஏசி 84, தண்ணீர் ராத்திரிக்கு இரண்டு பாட்டில் வீதம் 42. ஆக 3206, ஊர் வரி நீங்கலாக. 686ல் ஆரம்பித்த கணக்கு இது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எங்கள் ஆத்தா சொல்லும்போதெல்லாம் சுண்டைக்காயை யார் கூலி கொடுத்துச் சுமக்கப் போகிறார்கள் என்று நினைப்பேன். முதலிலேயே 3206 என்று சொல்லித் தொலைத்திருந்தால் முடியும், முடியாது என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன், மூன்று வாரம் தூக்கம் மிஞ்சியிருக்கும். வீட்டுக்காரர் வேறு பின்னால் நின்று ஷீட்டைப் பார்த்து, “ஒரு ரூம் போடறதுக்கு இவ்ளோ கலரா?” என்கிறார். வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் ஒன்றை முடிவு செய்தேன். 30 சதவீதம் ‘கப்பார்ரா’ அனுப்பச் சொன்னார்கள், கார்டு ஆகாது, வங்கி வழியாக மட்டும். வெறும் முன்பணம் வேறு, கப்பார்ரா வேறு. கப்பார்ரா கொடுத்து நாம் பின்வாங்கினால் அவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம், அவர்கள் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். இத்தாலிய சிவில் சட்டத்தில் அழகாகத்தான் இருக்கிறது, 1385ஆவது பிரிவு. கணக்கு எண் வந்தது, ஆனால் கணக்கின் பெயர் ஹோட்டல் பெயர் இல்லை, ஏதோ ஒரு கம்பெனி. வயிற்றில் புளி கரைந்தது. போன் போட்டேன். ஒரு பாட்டியம்மா எடுத்தார், எனக்குத் தெரிந்த நாற்பது இத்தாலியச் சொல்லையும் வரிசையாக இறக்கினேன், அவர் சிரித்துக்கொண்டே “சி, சி” என்றார். எதற்கு ஆமாம் சொன்னார் என்று சத்தியமாகத் தெரியாது. அனுப்பிவிட்டேன்.

நேற்று பதில் வந்தது. பணம் கிடைத்ததாம், நன்றியாம், எங்களைக் காண ஆவலாக இருக்கிறார்களாம். கீழே ஒரு கேள்வி: குடை எந்த வரிசையில் வேண்டும்? 25 யூரோ என்பது பின்வரிசைக்காம். கடலை ஒட்டிய முதல் வரிசைக்கு விலை வேறு. ஷீட்டைத் திறந்து இன்னொரு வரிசை சேர்த்திருக்கிறேன்.