300 சிசி எல்லோருக்கும் ஒரே மாதிரி உட்காராது

"மார்பைப் பெரிதாக்க 300 சிசி சிலிகான் இம்பிளான்ட் வைத்தால் யாருக்கும் உள்ளாடையில் சி கப் அளவு வந்துவிடும், தோழி வைத்ததையே கேளுங்கள்" என்று மேலே ஒரு அக்கா எழுதியிருக்கிறார். அது தவறு, அக்கா.

சிசி என்பது கொள்ளளவு மட்டும்தான்; ஒரு சிசி என்றால் ஒரு மில்லி. அதே 300 சிசி அகலமாய்த் தட்டையாகவும் வரும், குறுகலாய் உயர்ந்தும் வரும். அதனால் மருத்துவர் முதலில் அளப்பது மார்பகத்தின் அடிப்பகுதி அகலத்தை. இம்பிளான்ட் அதை மீறினால் ஓரம் அக்குள் பக்கம் துருத்தும், இல்லையென்றால் நடுவில் இரண்டும் நெருங்கிவிடும். அப்புறம் தோல் எவ்வளவு இழுபடுகிறது என்று பார்ப்பார். மேல்பகுதியைக் கிள்ளிச் சதையின் தடிமனையும் பார்ப்பார். மெலிந்த உடம்பில் பெரிதாக வைத்தால் தோலில் சுருக்க அலை தெரியும், போகப் போகத் தொய்யும்.

கப் அளவோ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காரைக்குடியில் எங்கள் தையல்கார அக்கா கண்டாங்கிக்கு ரவிக்கை தைக்கவே "தங்கச்சி அளவுதான்" என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார், டேப்பை எடுத்துவிடுவார். இது அறுவை சிகிச்சை!

என் சித்தி மகள் அளவு பார்க்க 350 மில்லி இட்லி அரிசியை மெல்லிய காலுறையில் கட்டி, உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு காலையெல்லாம் பணியாரம் சுட்டாள். பதினோரு மணிக்கே கழுத்து வலி. இத்தனைக்கும் அரிசி சிலிகானைவிட லேசு. மறுவாரம் மருத்துவரிடம் சின்ன அளவைத்தான் கேட்டாள்.

சரி, ஒருமுறை வைத்தால் "ஆயுசுக்கும் இருக்கும்" என்று அந்த அக்கா சொன்னதும் சரியில்லை. பலருக்குப் பின்னாளில் மாற்றவோ எடுக்கவோ வேண்டிவரும்.